சிலுவையும் கறுப்புச் சட்டையும்

செந்துறைச் சீமையின் கதை – 17

சென்ற இதழில் வீரமாமுனிவரை ஏலாக்குறிச்சியில் விட்டுவிட்டு வந்தோம். 1726இல் தேம்பாவணியை முடித்த அந்த இத்தாலியர், அடைக்கல மாதா கோயில் நிழலில் பாட்டு மட்டும் கட்டிக்கொண்டிருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதர் நல்ல சண்டைக்காரர். ‘வேத விளக்கம்’, ‘பேதகம் மறுத்தல்’, ‘லுத்தேரினத்தியல்பு’ என்று மறுப்பு நூல்களாக எழுதிக் குவித்தார். யாரை மறுத்து? கடவுள் இல்லை என்று சொன்னவர்களை அல்ல. அதே ஏசுவை, அதே பைபிளை வைத்துக்கொண்டு தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் பாதிரிமாரைத்தான். 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கிய நாள் தொட்டு அந்தப் பக்கம் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களிடம் அச்சுக்கூடம் இருந்தது. முனிவரிடம் ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. சண்டையின் காரத்தில் இரு தரப்புக்கும் குறைச்சல் இல்லை.

இதை இங்கே மறுபடி எடுக்கக் காரணம் இருக்கிறது. ஆண்டவரை நம்பும் இருவர் மோதிக்கொண்டபோது இருந்த சூடு, பிற்காலத்தில் நம்புகிறவரும் நம்பாதவரும் எதிரெதிரே உட்கார்ந்தபோது பல இடங்களில் இல்லை. சொல் கடுமையாக இருந்தது, முகம் கடுக்கவில்லை. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை, தென்னூர் என்று கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர்களும், கறுப்புச் சட்டைக்காரர்களின் கொடிக்கம்பங்களும் ஒரே பேருந்துத் தடத்தில் வரும் இந்தச் சீமையில் அது பெரிய அதிசயமாகவும் யாருக்கும் தோன்றுவதில்லை. மாதா தேர்பவனிக்கு நன்கொடை எழுதும் கழகத்துக்காரரையும், செப்டம்பர் 17 அன்று பெரியார் படத்துக்கு மாலை போடும்போது கூட வந்து நிற்கும் கோயில்பிள்ளையையும் இந்தப் பக்கத்தில் பார்ப்பது கடினமில்லை. அது எப்படி வந்தது என்று பார்க்கக் கொஞ்ச தூரம் சுற்றி வர வேண்டும். சென்னைக்கும், யாழ்ப்பாணத்துக்கும், லண்டனுக்கும்கூட.

முதலில் காலடி மண். அரியலூர், செந்துறைப் பக்கத்து ஓடைகளில் கல்லாய்ப்போன நத்தையும் சிப்பியும் கிடைப்பதை இந்தத் தொடரின் ஆரம்பத்திலேயே பார்த்தோம். 1840களிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் இவற்றைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1860களில் ஹென்றி பிளான்போர்டின் ஆய்வறிக்கை வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் வகுத்த பாறை அடுக்குகளின் பெயர்கள் இன்றும் உலகப் புவியியல் நூல்களில் நிற்கின்றன. அரியலூர் அடுக்கின் வயது ஆறேழு கோடி ஆண்டு. சாத்தனூரில் படுத்துக் கிடக்கும் 18 மீட்டர் கல்மரத்துக்கு வயது இன்னும் கூட. ஆனால் பேராயர் அஷ்ஷர் பதினேழாம் நூற்றாண்டில் போட்ட கணக்குப்படி உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004இல். அந்த ஆண்டை ஓரத்தில் அச்சிட்ட ஆங்கில பைபிள்கள்தான் அன்றைய மிஷன் வீடுகளில் புழங்கின. டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தது. ஆக, ஐரோப்பாவில் பாதிரிமாரும் விஞ்ஞானிகளும் முட்டிக்கொண்ட அதே ஆண்டுகளில், அந்த வழக்குக்கான சாட்சிப் பொருள் நம் வயல்வரப்பில் மாட்டுக் குளம்பில் இடறிக்கொண்டிருந்தது. 2009இல் செந்துறையருகே டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்தவர்கள் சேலத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெரியார் பெயர் வைத்திருப்பது தற்செயல்தான். என்றாலும் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

கல்லை விட்டுவிட்டு ஆட்களிடம் வருவோம்.

தமிழில் நாத்திகம் பெரியாரோடு தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒரு கூட்டம் இருந்தது. 1882 முதல் 1888 வரை தமிழில் ‘தத்துவ விவேசினி’ என்ற இதழை நடத்தினார்கள். ஆங்கிலத்தில் ‘தி திங்கர்’. ‘இந்துமத ஆசார ஆபாச தரிசினி’ எழுதிய அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகர் இந்த வட்டத்தைச் சேர்ந்தவர். லண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் தொடங்கிய தேசிய மதச்சார்பற்ற சங்கத்தோடு இவர்களுக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. 2012இல் பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தொகுத்து ஆறு தொகுதிகளாக வெளியிடும் வரை, இப்படி ஒரு சங்கம் இருந்ததையே பலரும் மறந்திருந்தார்கள்.

இவர்களுக்கும் மிஷனரிகளுக்கும் இருந்த உறவு விசித்திரமானது. தெருமுனையில் நின்று புராணக் கதைகளைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதவை என்று பிரித்து மேய்ந்தவர்கள் மிஷனரிகள். கேட்டுக்கொண்டு நின்ற படித்த இளைஞன் அந்த அளவுகோலை அப்படியே வாங்கி, ஆதியாகமத்தின் மேல் வைத்தான். கன்னி பிள்ளை பெறுவது மட்டும் எப்படிப் பகுத்தறிவுக்கு ஒத்துப்போகும் என்று கேட்டான். பாதிரியாருக்கு அது சங்கடம்தான். ஆனால் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்ததே அவருடைய பள்ளிக்கூடம். தமிழ்நாட்டு நாத்திகத்துக்கு மிஷன் பள்ளிகள் செய்த தொண்டை இருதரப்பும் உரக்கச் சொல்லிக்கொள்வதில்லை.

1925இல் ‘குடி அரசு’ வந்தது. 1927 மார்ச் 6 அன்று லண்டன் பாட்டர்ஸி நகர மன்றத்தில், பிராட்லா தொடங்கிய அதே சங்கத்தின் கிளை கூட்டிய கூட்டத்தில், பெர்ட்ரண்ட் ரஸல் தாம் ஏன் கிறிஸ்தவரல்ல என்று பேசினார். அந்தப் பேச்சு ‘நான் ஏன் கிறிஸ்தவனல்ல?’ என்று தமிழில் சிறு நூலாக வந்து சுயமரியாதை மாநாட்டுப் பந்தல்களில் விற்றது. அதே பத்தாண்டின் கடைசியில் விழுப்புரத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சிக்குக் குறுக்கு ரயில்பாதை வந்ததையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். திருச்சியோடும் சென்னையோடும் இந்தச் சீமைக்கு இருந்த தூரம் சட்டென்று குறைந்தது.

பெரியார் கூட்டங்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அதுதான் துண்டுச்சீட்டு. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வியைச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். எவ்வளவு குதர்க்கமான கேள்வியானாலும் படித்துக்காட்டிவிட்டுப் பதில் சொல்வார். நையாண்டி இருக்கும், பதில் சொல்லாமல் விடுவது இருக்காது. தாம் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம், சிந்தித்துப் பார்த்து ஏற்றால் போதும் என்று முடிப்பது அவர் வழக்கம். பிரசங்கபீடத்தில் இந்த வசதி கிடையாது. பூசை நடுவே சாமியாரிடம் சீட்டு நீட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமை வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு வேறொரு கிழமையில் வாய் திறக்க ஒரு மேடை கிடைத்தது என்றும் சொல்லலாம்.

சீட்டும் மேடையும் வாதத்துக்கு ஒழுங்கு தரும். நட்புக்கு வேறு ஏதோ வேண்டும். அது என்ன என்று காட்ட ஒரு மனிதர் போதும்.

ஏ.டி. பன்னீர்செல்வம். 1888இல் பிறந்த தஞ்சைத் தரணிக் கத்தோலிக்கர், பாரிஸ்டர், நீதிக்கட்சியின் தூண்களில் ஒருவர். 1937இல் சில மாதங்களே இருந்த இடைக்கால அமைச்சரவையில் அமைச்சர். பெரியாருக்கும் இவருக்கும் கடவுள் விஷயத்தில் ஒரு புள்ளியில்கூட உடன்பாடு இருந்திருக்க வழியில்லை. பாரிஸ்டர் ஆண்டவரை நம்புகிறவர். மற்றவர் ஊர் ஊராகப் போய் ஆண்டவன் இல்லை என்று சொல்கிறவர். ஆனால் 1938 டிசம்பரில் சென்னையில் நீதிக்கட்சி மாநாடு கூடியபோது, இந்தி எதிர்ப்புக்காகச் சிறையில் இருந்த பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வர முடியாத தலைவரின் உரையை மேடையேறிப் படித்தவர் பன்னீர்செல்வம். ஒரு கத்தோலிக்கரின் குரலில் நாத்திகரின் தலைமையுரை. அந்தக் கூட்டத்தில் யாருக்காவது அது முரணாகப் பட்டிருக்குமா? சந்தேகம்தான். அவர்கள் ஒன்றுசேர்ந்த காரியம் வேறு: மொழி, வேலைவாய்ப்பு, சாதி ஏற்றத்தாழ்வு. கடவுள் பற்றிய வழக்கை ஒத்திப்போட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

1940 மார்ச் 1ஆம் தேதி, லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பொறுப்பேற்கப் போய்க்கொண்டிருந்த பன்னீர்செல்வத்தைச் சுமந்த ‘ஹானிபால்’ விமானம் ஓமான் வளைகுடா மேல் காணாமல் போயிற்று. எட்டுப் பேர் போனவர்கள், ஒருவரும் திரும்பவில்லை. விமானமும் கிடைக்கவில்லை. பெரியார் அப்போது எழுதிய இரங்கலைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். தம் மனைவி இறந்தபோதும், தாயார் இறந்தபோதும் கலங்காதவர் தாம், இந்தச் சாவில் ஆடிப்போனதாக எழுதினார். மறுமை, மோட்சம் என்று எந்த ஆறுதலும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வழியில்லாத ஒருவர், அந்த ஆறுதல்களை எல்லாம் நம்பிய நண்பருக்காக அழுதது அது. எத்தனையோ மேடை வாதங்களைவிட அந்த ஒரு பக்கம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்துக் கதை இதைவிட லேசானது, சிரிப்பும் உண்டு.

ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்தவர். அப்பா மார்த்தோமா சபையின் கத்தனார். தாவரவியல் படித்துவிட்டு யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மெதடிஸ்த மிஷன் நடத்திய கல்லூரி அது. முதல்வர் அருள்திரு பி.டி. காஷ். பாதிரியார் வீட்டுப் பிள்ளையாயிற்றே, பைபிள் வசனம் தலைகீழாகத் தெரியும் என்று வேதாகம வகுப்பையும் கோவூர் தலையில் கட்டினார் முதல்வர். ஆண்டு முடிவில் லண்டன் தேர்வில் மாணவர்கள் பிரமாதமாகத் தேறினார்கள். மறு ஆண்டு நேர அட்டவணையில் பார்த்தால் கோவூருக்கு வேதாகம வகுப்பு இல்லை. போய்க் கேட்டார். காஷ் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலைக் கோவூர் சாகும் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்: பையன்கள் எல்லாரும் பாஸ்தான், ஆனால் ஒருவனுக்கும் மதம் மிஞ்சவில்லையே!

முதல்வர் செய்ததை மட்டும் கவனியுங்கள். ஆளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வகுப்பை மட்டும் மாற்றினார். தாவரவியல் அவரிடமே இருந்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் 1925 வாக்கில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒரு கதை உண்டு. பின்னாளில் விஜயவாடாவில் நாத்திக மையம் நடத்திய கோரா அங்கே தாவரவியல் விரிவுரையாளராக இருந்தார். கிறிஸ்தவரானால் மேற்படிப்புக்கு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம் என்று கல்லூரித் தரப்பு கேட்டுப்பார்த்ததாகவும், தாம் மறுத்ததாகவும் கோரா எழுதியிருக்கிறார். கேட்டவர் வற்புறுத்தவில்லை, மறுத்தவர் வாழ்நாள் முழுக்க வன்மம் வைக்கவில்லை. காஷ் கதையோடு ஒப்பிட்டால் இதில் ருசி குறைவு, பேரம் இருக்கிறதே.

கோவூர் ஓய்வுபெற்ற பிறகுதான் உலகம் அறிந்த கோவூரானார். அற்புதம் செய்கிறேன் என்பவர்களுக்கு 1963இல் ஒரு லட்ச ரூபாய்ச் சவால் விட்டார். 1978இல் இறந்தபோது கண்களைத் தானம் செய்திருந்தார். எலும்புக்கூட்டைத் தாம் கடைசியாகக் கற்பித்த கொழும்புப் பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிவைத்திருந்தார். கத்தனார் மகனின் கல்லறைக்கு அப்படி வேலை இல்லாமல் போயிற்று.

லண்டனில் ஒரு இரவைச் சொல்லிவிட்டு ஊர் திரும்பலாம். 1948 ஜனவரி 28. பிபிசி வானொலியில் ரஸலும் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாரும் கடவுள் உண்டா என்று விவாதித்தார்கள். கோப்பிள்ஸ்டன் இயேசு சபையைச் சேர்ந்தவர்; நம் வீரமாமுனிவர் இருந்த அதே சபை. எந்தப் பொருளும் தன்னைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் பின்னால் தானாய் இருக்கும் ஒன்று வேண்டும் என்பது பாதிரியார் கட்சி. ஒவ்வொரு பொருளுக்கும் காரணம் கேட்கலாம், மொத்தப் பிரபஞ்சத்துக்கும் காரணம் கேட்பது பொருளற்றது, அது இருக்கிறது, அவ்வளவுதான் என்றார் ரஸல். இருவரும் தொடங்கும் முன்பே கடவுள் என்றால் என்ன பொருள் என்று பேசி ஒப்புக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். ஒரு இடத்தில் இனி இதில் மேலே போக முடியாது என்று தெரிந்ததும் அடுத்த விஷயத்துக்கு நகர்ந்தார்கள். வெற்றி தோல்வி அறிவிக்கவில்லை. ‘லுத்தேரினத்தியல்பு’ எழுதியவரின் சபைக்கு இருநூற்றுச் சொச்சம் ஆண்டில் வந்த மாற்றம் இது. எதிராளி மாறியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரிய மாற்றம் ரோமிலிருந்து வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம், கடைசி ஆண்டில் வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில் நாத்திகத்துக்கென்றே சில பத்திகளை ஒதுக்கியது. நாத்திகம் பரவியதில் நம்பிக்கையாளருக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய வாழ்க்கையின் குறைகள் கடவுளின் முகத்தை மறைத்துவிட்டன என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். நாத்திகரோடு உரையாட வேண்டும் என்றும் எழுதினார்கள். அதே 1965இல் பாப்பரசர் ஆறாம் பவுல், நம்பிக்கையற்றோருக்கான செயலகம் ஒன்றைத் தொடங்கி வியன்னாவின் கர்தினால் கோனிகை அதன் தலைவராக்கினார். 1899இல் உருவான கும்பகோணம் மறைமாவட்டத்துக்குள் அடங்கிய நம் பங்குகளுக்கும் சங்கத்தின் ஏடுகள் வந்து சேர்ந்தன. இலத்தீன் போய்த் தமிழில் பூசை வந்ததைத்தான் சனங்கள் முதலில் கண்டார்கள். நாத்திகர் பற்றிய பத்திகளைப் படித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

1968 ஜனவரி. சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு. நடத்தியது அண்ணாவின் ஆட்சி. பெரியாரின் பள்ளியிலிருந்து வந்தவர்கள். மாநாட்டுக்கு வித்திட்ட உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை 1964இல் நிறுவ முன்நின்றவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குரு. மாநாட்டையொட்டி மெரினாவில் பத்துச் சிலைகள் எழுந்தன. அவற்றில் மூன்று மிஷனரிகளுடையவை: கால்டுவெல், போப், நம் ஏலாக்குறிச்சி முனிவர். நாத்திகர் மேடைகளில் வளர்ந்த கட்சி, வேதம் பரப்ப வந்தவர்களுக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தது. பக்திக்காக அல்ல, தமிழுக்காக. அதே ஆண்டு வெளிநாட்டுப் பயணத்தில் அண்ணா வத்திக்கானில் ஆறாம் பவுலைச் சந்தித்து, போர்ச்சுகல் சிறையில் கிடந்த கோவா விடுதலை வீரர் மோகன் ரானடேயை விடுவிக்க உதவ வேண்டினார். 1969 ஜனவரியில் ரானடே வெளியே வந்தார். அண்ணா அடுத்த மாதம் 3ஆம் தேதி மறைந்துவிட்டார்.

இத்தனையும் சொல்லிவிட்டுச் சாதியைச் சொல்லாமல் போனால் கதை பொய்யாகிவிடும். கறுப்புச் சட்டைக்காரர் கிறிஸ்தவரைக் கேட்ட கேள்விகளில் பதில் சொல்ல முடியாமல் போனது உலகைப் படைத்தது யார் என்பது அல்ல. உன் கோயிலில் எதற்குத் தனி வரிசை, உன் கல்லறையில் எதற்கு நடுச்சுவர் என்பதுதான். ‘குடி அரசு’ 1920களிலிருந்தே இதைக் கேட்டது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்த சுவரை எதிர்த்துத் தலித் கிறிஸ்தவர்களும் பெரியார் இயக்கத்தாரும் பின்னாளில் சேர்ந்தே குரல் கொடுத்தார்கள். இதில் விசுவாசி ஒரு பக்கம், நாத்திகன் ஒரு பக்கம் என்ற பிரிவினை தலைகீழாகிறது. சுவரைக் காப்பவன் ஞானஸ்நானம் பெற்றவன். இடிக்கச் சொல்பவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். வத்திக்கான் ஏடு ஒப்புக்கொண்ட பங்கு இதுதான் என்று நான் படிக்கிறேன்.

அரசாங்கத்தின் சுவர் ஒன்றும் இருக்கிறது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தார்கள். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் விரித்தார்கள். கிறிஸ்தவருக்கு இல்லை. சேரியில் பிறந்து, சேரியிலேயே வாழ்ந்து, கோயிலிலும் ஒதுக்கப்படுகிறவர், ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றால் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறிவிடுகிறார். தமிழ்நாட்டில் அவரைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2004இல் இது உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. இந்தக் கோரிக்கையை விடாமல் எழுப்பும் கட்சிகளில் ஒன்று விடுதலைச் சிறுத்தைகள்; அதன் தலைவர் தொல். திருமாவளவன் செந்துறை வட்டத்து அங்கனூர்க்காரர், அம்பேத்கரையும் பெரியாரையும் ஒரே மூச்சில் பேசுகிறவர். 2023 ஏப்ரல் 19 அன்று, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடருக்கும் பட்டியல் சாதி உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தைச் சட்டப்பேரவையில் முதல்வர் மு.க. ஸ்டாலின் கொண்டுவந்தார். பா.ஜ.க. வெளிநடப்புச் செய்தது. தீர்மானம் நிறைவேறியது.

(அடுத்த இதழில்: சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும்)